கையை விட்டால் பிடிக்கத் தெரிய வேண்டும்: பார்ஸ்பின் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்கள் எல்லாமே பார்ஸ்பின் பற்றியவை. சைக்கிள் அந்தரத்தில் இருக்கும்போதே ஹேண்டிலை ஒரு முழுச் சுற்று சுழற்றிவிட்டு, சக்கரம் தரை தொடுவதற்குள் மறுபடி பிடிப்பதுதான் பார்ஸ்பின்.

பனிஹாப் (மேடு இல்லாமலே சைக்கிளோடு தரையிலிருந்து எம்புவது) நன்றாக வருகிறது. ஹேண்டிலைச் சுழற்றினால் மட்டும் பாதியிலேயே தரைக்கு வந்துவிடுகிறேன். கை வேகம் போதவில்லையா? (கோவை)

வேகம் போதும், தொடங்குவதுதான் தாமதம். 30 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு பொருள் தரையில் விழக் கால் நொடிதான் ஆகும். உச்சிக்குப் போன பிறகு சுழற்ற ஆரம்பித்தால், சுற்றி, பிடித்து, சக்கரத்தை நேராக்குவது எல்லாம் அந்தக் கால் நொடிக்குள் முடிய வேண்டும். முடியாது. பனிஹாப்பில் பின்சக்கரத்தை எழுப்ப ஹேண்டிலை முன்னால் தள்ளுகிறீர்களே, அந்தத் தள்ளல் முடிகிற இடத்திலேயே சுழற்றல் தொடங்க வேண்டும். அதற்காக இன்னும் முந்திவிடாதீர்கள். முன்சக்கரம் மட்டும் மேலே இருக்கும்போது கையை விட்டால் பின்சக்கரம் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

"நன்றாக வருகிறது" என்பதையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஓரடி உயரக் காலி அட்டைப்பெட்டியை வைத்து, இரண்டு சக்கரமும் படாமல் பத்துக்கு எட்டு முறையாவது தாண்ட வேண்டும். செங்கல் வேண்டாம், சக்கரம் இடித்தால் ஆளையே கவிழ்த்துவிடும். பெட்டியில் பின்சக்கரம் மட்டும் தட்டுகிறதென்றால், முழங்கையை மடக்கிக் கைபலத்தால் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். கையை நீட்டியபடியே இடுப்பைப் பின்சக்கரத்துக்கு மேலே கொண்டுபோங்கள், முன்பக்கம் தானாக எழும். உடனே எழுந்து நின்று இடுப்பை ஹேண்டிலை நோக்கிக் கொண்டுவந்து, பிறகு தள்ளுங்கள்.

சைக்கிள் கிடைமட்டமாகிற கணத்தில் சீட்டை முழங்கால்களுக்கு நடுவே இறுக்க வேண்டும். இரண்டு கையும் விட்டிருக்கும்போது சைக்கிளைப் பிடித்திருப்பது கால்கள்தான். இறுக்காவிட்டால் முன்பக்கம் தொங்கிவிடும். சீட் அடியோடு இறக்கியிருந்தால் கால் எட்டாது, இரண்டு மூன்று விரற்கடை உயர்த்தி, முனையைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

எந்தக் கையால் சுழற்றுவது? எனக்கு ஹேண்டில் பின்பக்கம் திரும்பிய நிலையிலேயே கையில் மாட்டுகிறது. (யாழ்ப்பாணம்)

எது உங்களுக்குப் பழக்கமான கையோ அது. வலது கைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வலப் பிடியை முன்னால் தள்ளுகிறீர்கள். இடது கை ஒரு கணம் முன்பே விட்டு, மேலே வெளிப்பக்கமாக விலகிவிட வேண்டும், ஏனென்றால் ஹேண்டிலின் இடது முனை உங்கள் மடியை நோக்கித்தான் வரும். அரைச் சுற்றில் வலப் பிடி இடப்பக்கமாகக் கடந்துபோகும். நீங்கள் அவசரப்பட்டுப் பிடிப்பது அதைத்தான். அதை விட்டுவிடுங்கள். அடுத்து முன்னாலிருந்து திரும்பி வருவது இடப் பிடி, உங்களுடையது அதுதான். உள்ளங்கையை முன்னோக்கி விரித்து, பிடி வழக்கமாக இருக்கும் இடத்தில் இறக்குங்கள், அதுவாக வந்து விழும். ஹேண்டிலைத் துரத்திப் பிடிக்கப் போனால் விரலில்தான் அடிபடும்.

இதைத் தரையிலேயே பழகலாம். இரண்டு காலையும் ஊன்றி, சீட்டை முழங்காலால் கவ்வி, முன்சக்கரத்தைத் தூக்கி, அது விழுவதற்குள் சுழற்றிப் பிடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பிடிக்க வரும்வரை சைக்கிளில் ஏறிச் செய்ய வேண்டாம். பிறகு ஒரு திண்டிலிருந்து மெதுவாக இறங்கும்போது, அதன் பின்னரே சமதரையில்.

பிரேக் ஒயர் சுற்றிக்கொள்கிறது. பிரேக்கையே கழற்றிவிடலாமா? (சென்னை)

சாலையில் ஓட்டும் சைக்கிளில் இரண்டையும் கழற்றக் கூடாது. முன் பிரேக்கை மட்டும் கழற்றலாம், அல்லது அதன் ஒயரை ஸ்டெம்மின் (ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் பாகம்) நடுவில் துளையுள்ள போல்ட் வழியாக விடலாம். பின் பிரேக்குக்கு ஜைரோ போடுங்கள். அது ஒயரை மேல்பாதி, கீழ்பாதி எனப் பிரித்துவிடும், மேல்பாதி மட்டும் ஹேண்டிலோடு சுற்றும். அதைப் பொருத்த ஃபிரேமின் தலைக்குழாயில் துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஜைரோவின் தட்டுகள் இணையாக இல்லாவிட்டால் பிரேக் தொளதொளவென்று இருக்கும். செலவில்லாத வழி நீளமான ஒயர்: ஒருமுறை சுற்றலாம், அடுத்த முறை எதிர்ப்பக்கம் சுற்றி அவிழ்க்க வேண்டும்.

ஹெட்செட்டையும் (ஹேண்டில் திரும்புவதற்காகத் தலைக்குழாயில் இருக்கும் பேரிங்) பாருங்கள். முன்பக்கத்தைத் தூக்கிச் சைக்கிளைச் சாய்த்தால் சக்கரம் தானாகத் திரும்பி விழ வேண்டும். இறுகியிருந்தால் ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு மேல் போல்ட்டைச் சற்றே விடுங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' என்று ஆட்டம் தெரியக் கூடாது. பக்க போல்ட்டுகளை மறுபடி முறுக்க மறந்தால் ஹேண்டில் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் போகும்.

27.5 அங்குல கியர் சைக்கிளில் முடியுமா? (சேலம்)

வேண்டாம். அகலமான ஹேண்டில் முழங்காலில் இடிக்கும், கியர் ஒயர்கள் சிக்கும். வித்தைக்கென்றே உள்ள 20 அங்குல பி.எம்.எக்ஸ். சைக்கிள், இல்லையென்றால் மண்மேடுகளில் பாய்வதற்கான 26 அங்குல டர்ட் ஜம்ப் சைக்கிள்.

இங்கே உள்ளரங்கில் ஃபோம் பிட் (ஃபோம் துண்டுகள் நிரப்பிய குழி) இருக்கிறது. அதில் பத்துக்குப் பத்தும் பிடிக்கிறேன், பாக்ஸ் ஜம்பில் (ஒரு பக்கம் ஏறிப் பாய்ந்து மறுபக்கம் இறங்கும் பலகை மேடை) நடுங்குகிறது. (டொரன்டோ)

ஃபோம் பிட் தைரியத்தைக் கொடுக்கும், தவற்றை மறைக்கும். சக்கரம் பத்துப் பாகை கோணலாக இருந்தாலும் ஃபோமுக்குள் தெரியாது, பலகையில் தெரிந்துவிடும். யாரையாவது பக்கவாட்டில் நின்று ஃபோனில் மெதுவோட்டமாக எடுக்கச் சொல்லுங்கள். சக்கரம் ஃபோமைத் தொடும் முன் இரண்டு கையும் பிடியில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஒரு கை மட்டும் இருந்தால் அது கணக்கில் சேராது.

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பிரிட்டனின் பி.எம்.எக்ஸ். வீராங்கனை சார்லட் வொர்திங்டன் அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்ததைப் பார்த்ததிலிருந்து 12 வயது மகளும் பார்ஸ்பின் பழக வேண்டும் என்கிறாள். விடலாமா? (திருச்சி)

விடுங்கள். வொர்திங்டன் முதல் ஓட்டத்தில் அந்த 360 பேக்ஃப்ளிப்பில் (பின்னோக்கிக் குட்டிக்கரணம் அடித்தபடியே ஒரு முழுச் சுற்றுத் திரும்புவது) விழுந்தார், இரண்டாவது ஓட்டத்தில் அதையே செய்து 97.50 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். மகளுக்கும் முதலில் விழப் பழக்குங்கள். பிடி கைக்கு வரவில்லையென்று தெரிந்த உடனே சைக்கிளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்பக்கமாகக் கால் ஊன்ற வேண்டும். சக்கரம் கோணலாக இருக்கும்போது அதன்மேல் இறங்கினால் ஹேண்டிலைத் தாண்டி முன்னால் விழுவாள். தலைக்கவசமும் முழங்கால் உறையும் கட்டாயம். உள்ளே தெர்மாக்கோல் வகை கொண்ட கவசம் ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். ஹேண்டிலின் இரு முனைகளிலும் பிளக் இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் தொட்டுப் பாருங்கள். அது கழன்று வெறும் குழாயாக இருந்தால், விழும்போது வயிற்றிலும் தொடையிலும் வெட்டிவிடும். புதிதாக ஒரு ஜோடி வாங்கி மாட்டும்வரை சைக்கிளை எடுக்கவே கூடாது.