எங்கள் ஊர் வேடியப்பன் கல்

"உங்கள் ஊரில் விசித்திரமான கல் ஏதாவது உண்டா? அதற்கு என்ன கதை சொல்வார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. பென்னாகரம் பக்கம் எங்கள் கொல்லைக்குப் போகிற வழியில், புளியமரத்தடியில் இடுப்பளவுக்கு ஒரு பலகைக்கல் நிற்கிறது. ஊருக்கு அது வேடியப்பன். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, திரும்பின பக்கமெல்லாம் ஒரு வேடியப்பன் இருப்பார்.

கல் வருஷத்துக்கு ஒரு நெல்முனை வளர்கிறது என்பார் ஆயா. (நான் பார்த்த முப்பது வருஷத்தில் மண்தான் ஏறியிருக்கிறது.) புலியோடு கட்டிப் புரண்டு செத்த வேடன் என்று ஒரு கதை. மாடு காணாமல் போனால் இவரிடம் முடிச்சுக் கட்டி வேண்டிக்கொண்டால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் என்பது இன்னொன்று. அவர் காலடியில் செதுக்கியிருப்பது கள் மொந்தை, அதனால் கள் படைக்காமல் பூசை கிடையாது.

பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஊருக்கு வந்த தமிழாசிரியர் ஒருவர் பூசாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, கல்லைக் கழுவி, மாவு தடவிப் படித்தார். வட்டெழுத்து, அதாவது பழைய காலத்துத் தமிழ் எழுத்து முறை. பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. கிடைத்த வரி, 'தொறு மீட்டுப் பட்டான்'. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். அந்தக் காலத்தில் எதிரி ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போவதுதான் சண்டைக்குத் தொடக்கம். போன மந்தையை மீட்கப் போய் உயிர் விட்டவனுக்கு எடுத்த நடுகல் இது. எழுத்தில் புலி இல்லை. ஆனால் மாட்டுக் கதையைக் கேட்டதும் வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மொந்தையை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அது கெண்டி, மூக்கு வைத்த செம்பு, இந்தப் பக்கத்து நடுகற்கள் பலவற்றில் இருக்கும், வீரனுக்கான மரியாதை என்றார். தருமபுரி அகழ்வைப்பகத்தில் பார்த்தேன், சரிதான். ஆனால் கள் விஷயத்தில் நான் பூசாரி கட்சி. தகடூர் அதியமான் இறந்தபோது, நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் உகுத்தால் அவன் ஏற்பானோ என்று ஔவையார் புலம்புகிற பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தகடூர் என்பது இதே தருமபுரிதான்.

இப்போது கள் இறக்கத் தடை. வேடியப்பனுக்குக் குவார்ட்டர்தான் ஊற்றுகிறார்கள்.