பாதியில் நிற்கும் ரூட் கேனலுக்குக் கிராம்புத் தைலம் வைக்கலாமா?

கேள்வி: கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் ஆரம்பித்து, நரம்பை எடுத்துத் தற்காலிகமாக அடைத்திருக்கிறார்கள். அடுத்த முறை பத்து நாள் கழித்து. கடித்தால் வலிக்கிறது. அடைப்பை எடுத்துவிட்டுக் கிராம்புத் தைலம் நனைத்த பஞ்சை வைக்கச் சொல்கிறார் மாமியார். ப்ளீச் போல வாடை வரும் மருந்துக்குப் பதிலாக மூலிகைத் தைலத்தாலேயே பல்லைக் கழுவச் சொல்லலாமா?

பதில்: அடைப்பைத் தொடாதீர்கள். அதை எடுத்தால் எச்சிலோடு கிருமிகளும் வேர்க்குழாய்க்குள் இறங்கும். இதுவரை செய்த வேலை வீணாகும்.

மாமியார் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதி யூஜெனால். அது உயிருள்ள நரம்பை மரத்துப்போகச் செய்யும். அதனால்தான் சொத்தைப் பல் வலிக்கு உடனே கேட்கிறது. உங்கள் பல்லில் இப்போது அந்த நரம்பே இல்லை. வலி வருவது வேர்நுனியைச் சுற்றியுள்ள எலும்பிலிருந்தும் தசைநாரிலிருந்தும். மேலே வைக்கும் பஞ்சு அங்கே எட்டாது, ஈறைத்தான் புண்ணாக்கும்.

கழுவும் மருந்து பற்றிய கேள்வி முக்கியமானது. யூஜெனால், ஓமத்திலுள்ள தைமால் போன்றவை கிருமியின் மேலுறையை உடைப்பது ஆய்வுக்கூடத் தட்டில் கண்கூடு. ரூட் கேனல் தோற்ற பற்களில் அடிக்கடி அகப்படும் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் கிருமியையும் அவை அங்கே அடக்குகின்றன. பல்லுக்குள் நிலைமை வேறு. கிருமிகள் பசைபோன்ற படலமாக ஒட்டிக்கொண்டு, மைக்ரான் அளவுத் துளைகளுக்குள்ளும் புகுந்திருக்கும். கூடவே அழுகிய சதைத் துணுக்குகள் கிடக்கும். அந்தச் சதையைக் கரைத்தெடுக்க வேண்டும். 0.5 முதல் 5.25 சதவீதம் வரை பல் மருத்துவர்கள் நாங்கள் பயன்படுத்தும் சோடியம் ஹைப்போகுளோரைட் (நீங்கள் சொன்ன ப்ளீச் வாடை மருந்து) அதைச் செய்கிறது; தைலம் செய்யாது. தண்ணீரில் கலக்காத எண்ணெய் ஈரமான குழாய்க்குள் எல்லா இடமும் பரவுவதும் கடினம். நான் தைலங்களை விரும்புகிறவன்தான். ஆனால் என் வீட்டாரின் பல்லாக இருந்தாலும் ஹைப்போகுளோரைட்டால்தான் கழுவுவேன்.

ஹைப்போகுளோரைட் வேர்நுனி தாண்டிப் போனால் கடும் வலியும் வீக்கமும் வரும் என்பதும் உண்மை. மருத்துவர் மெதுவாகச் செலுத்த வேண்டும். வாய்க்குள் வழியாமலிருக்க, பல்லைச் சுற்றி ரப்பர் டாம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பை மாட்ட வேண்டும். மருந்தை மாற்றச் சொல்வதைவிட, ரப்பர் டாம் மாட்டுவாரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

தைலங்களுக்கு எங்கள் மேசையில் ஏற்கெனவே இடம் உண்டு. துத்தநாக ஆக்சைடோடு யூஜெனால் குழைத்த கலவையை வேர்க்குழாயை அடைக்கும்போது பலர் பயன்படுத்துகிறார்கள். பழைய ரூட் கேனலைத் திரும்பப் பிரிக்கும்போது உள்ளே அடைத்திருக்கும் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை இளக்க யூகலிப்டஸ் தைலமும் ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் உதவும். ஒரு சிக்கலும் இருக்கிறது: யூஜெனால் மிச்சமிருந்தால் பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட் கலவை சரியாக இறுகாது. வீட்டில் தைலம் வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்கு அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். மருத்துவர் சொன்ன வலி மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் வலி குறையவில்லையென்றால் பத்து நாள் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். அடைப்பு சற்று உயரமாக இருந்தாலும் கடிக்கும்போது வலிக்கும், ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே போங்கள். வாய் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லையென்றால் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு. கிராம்புத் தைலப் புட்டியைக் குழந்தைகள் கையில் எட்டாமல் வையுங்கள்: ஓரிரு தேக்கரண்டி குடித்தாலே சிறு குழந்தையின் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.