வார்மின்ட் ரைஃபிளில் கையால் தயாரித்த தோட்டாவின் துல்லியத்தைச் சோதிக்க மூன்று ஷாட் போதுமா?

கேள்வி இதுதான்: ஒருவரிடம் இருப்பது .22-250 என்ற வேகமான தோட்டாவுக்காகத் தனியாகச் செய்து வாங்கிய வார்மின்ட் ரைஃபிள், அதாவது வயலை அழிக்கும் சிறு விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடும் துப்பாக்கி. பவுடர் அளவை மட்டும் மாற்றி ஐந்து விதமாகத் தோட்டா தயாரித்து, ஒவ்வொன்றிலும் மூன்று ஷாட் வீதம் 100 மீட்டரில் சுட்டிருக்கிறார். குரூப்கள், அதாவது தாளில் ஓட்டைகள் பரவிய அகலம், 8, 11, 12, 14, 17 மி.மீ. வந்திருக்கின்றன. எட்டு மி.மீ. கொடுத்த அளவையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். அந்த ஐந்தில் எது சிறந்தது என்று இந்தத் தாள்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

நானும் இதே இடத்தில்தான் தொடங்கினேன். ஒருநாள் மூன்று ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கிழிசலாக விழுந்தன. அளந்தால் 6 மி.மீ. அந்தத் தாளை பத்திரமாக எடுத்துவைத்து, அதே அளவில் 150 தோட்டா தயாரித்தேன். அடுத்த மாதம் ஐந்து ஐந்தாகச் சுட்டபோது 16, 21, 14 என்று வந்தது. ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டேன், மவுன்ட் திருகுகளைக் கழற்றி மறுபடி முறுக்கினேன், பேரலைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். எதிலும் குறையில்லை. அந்த ரைஃபிளும் அந்தத் தோட்டாவும் முதலிலிருந்தே அப்படித்தான். 6 மி.மீ. என்பது அன்றைக்கு அமைந்த ஒரு நல்ல வாய்ப்பு, அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது? குரூப் என்று நாம் அளப்பது மிகத் தொலைவில் உள்ள இரண்டு ஓட்டைகளின் இடைவெளியை. ஷாட் கூடக் கூட அது பெரிதாகிக்கொண்டே போகும். ஐந்து ஷாட்டில் சராசரியாக 15 மி.மீ. கொடுக்கும் ரைஃபிள், மூன்று ஷாட்டில் சராசரியாக 12 மி.மீ. கொடுக்கும், பத்து ஷாட்டில் 19 மி.மீ.யை நெருங்கும். அதோடு மூன்று ஷாட் குரூப் மிகவும் ஆடும். சராசரி 12 என்றால் 7 வருவதும் சகஜம், 17 வருவதும் சகஜம். இப்போது உங்கள் ஐந்து எண்களையும் பாருங்கள். உங்கள் ஐந்து தோட்டாக்களும் துளிகூட வித்தியாசமில்லாமல் ஒரே தரமாக இருந்தாலும், ஏறக்குறைய இதே எண்கள்தான் வந்திருக்கும்!

சரி, எப்படிச் சோதிப்பது? முதலில் போட்டியாளர்களைக் குறையுங்கள். ஒரே புல்லட் (தோட்டாவிலிருந்து பறக்கும் குண்டு), ஒரே பவுடர், ஒரே லாட் பிரைமர் (ஒரே தொகுதியில் செய்த, பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி). பவுடர் அளவில் மூன்று படி போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். .22-250 போன்ற வேகமான தோட்டா பேரலின் தொண்டைப் பகுதியைச் சீக்கிரம் அரித்துவிடும். நூற்றுக்கணக்கில் சோதித்துக்கொண்டே இருந்தால் நல்ல அளவைக் கண்டுபிடிப்பதற்குள் நல்ல பேரலைத் தீர்த்துவிடுவோம்.

மூன்று படியிலும் இருபது இருபது தோட்டா தயாரியுங்கள். 'அ' வகையில் இருபதையும் சுட்டுவிட்டு 'ஆ' வகைக்குப் போகாதீர்கள். மூன்று டார்கெட் வைத்து, அ, ஆ, இ என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சுடுங்கள். பேரல் சூடாவது, கரி படிவது, காற்று எழும்புவது, உங்கள் தோள் களைப்பது, இந்தச் சுமையெல்லாம் மூன்றுக்கும் சமமாகப் பங்காகிவிடும். இருபதையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். பாதியை இன்னொரு நாளுக்கு வையுங்கள். ஒரு நாளில் மட்டும் ஜெயிக்கிற தோட்டா எனக்கு வேண்டாம்.

தொடங்கும் முன் இரண்டு வேலை உண்டு. பேரலைச் சுத்தம் செய்திருந்தால் முதல் சில ஷாட்டை மண்மேட்டில் சுட்டுக் கழித்துவிடுங்கள். சுத்தமான பேரலின் முதல் குண்டு பெரும்பாலும் வேறு இடத்தில்தான் போய் விழும். அப்புறம் ஸ்கோப்பின் பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரிவது. ரைஃபிளை மணல் மூட்டைகளில் நிறுத்தி, அதைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக்கோடு டார்கெட்டின் மேல் நகர்ந்தால் குமிழைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். எத்தனையோ பேர் பவுடரின் மேல் போடும் பழி உண்மையில் இங்கே சேர வேண்டியது.

காற்றையும் அலட்சியம் செய்யாதீர்கள். 50, 55 கிரெய்ன் (சுமார் மூன்றரை கிராம்) எடையுள்ள புல்லட் லேசானது. வழியில் இரண்டு குச்சியில் நாடா கட்டி வையுங்கள், நாடா ஒரே மாதிரி தொங்கும்போது மட்டும் ட்ரிகரைத் தொடுங்கள். பேரல் சூடேறி ஸ்கோப்பில் படம் நீர்போல் நெளிந்தால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள்.

அளப்பதில் ஒரு நுணுக்கம். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்து, புல்லட் விட்டமான 5.7 மி.மீ.யைக் கழிப்பார்கள். ஆனால் தாளில் விழும் ஓட்டை புல்லட்டைவிடச் சற்றுச் சிறிதாகத்தான் இருக்கும். தனியாக விழுந்த ஓர் ஓட்டையை அளந்து அதைக் கழியுங்கள். இன்னும் நல்ல வழி, ஒரு கண்ணாடித்தாளை டார்கெட்டின் மேல் வைத்து, குறிப்புள்ளியையும் எல்லா ஓட்டைகளையும் பேனாவால் குறிப்பது. ஸ்கோப்பைத் திருப்பாமல் இருந்தால் மறுநாள் டார்கெட்டையும் அதே தாளில் ஏற்றலாம். இருபது புள்ளிக்கும் நடுமையம் கண்டு, ஒவ்வொரு புள்ளியும் அதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று சராசரி பாருங்கள். இதில் இரண்டு ஓட்டை மட்டுமல்ல, இருபதும் பேசும். விலகி விழுந்ததை விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். சுட்ட கையோடு, தாளைப் பார்ப்பதற்கு முன்பே 'இது என் தவறு' என்று சொல்லியிருந்தால் விடலாம். பார்த்த பிறகு சொன்னால் விடக்கூடாது.

புல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவி இருந்தால் வேகத்தையும் எழுதிவையுங்கள். புல்லட் வினாடிக்கு 1000 மீட்டரில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 மீட்டர் வித்தியாசம் 100 மீட்டர் தூரத்தில் 2 மி.மீ. அளவுக்கே ஏற்ற இறக்கம் காட்டும். 300 மீட்டரில் அதுவே 25 மி.மீ.யை நெருங்கிவிடும். வயலை அழிக்கும் சிறு விலங்கைத் தொலைவிலிருந்து குறிபார்ப்பவருக்கு அது பெரிய தொகை. ஆகவே 100 மீட்டரில் இரண்டு அளவுகள் சமமாக வந்தால் வேகம் குறைவாக ஆடுவதை நான் எடுப்பேன். முடிந்தால் 200, 300 மீட்டரிலும் ஒருமுறை சுட்டுப் பார்ப்பேன்.

ரைஃபிள் கஸ்டம் என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். செய்து கொடுத்தவரிடம் சேம்பரின் (பேரலில் தோட்டா அமரும் அறையின்) கழுத்து விட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். இறுக்கமான கழுத்தாக வெட்டியிருந்தால், சாதாரண பித்தளைக் கேஸ் அதற்குள் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஆபத்தாக ஏறும். தயாரான தோட்டாவின் கழுத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, 0.05 மி.மீ.யாவது இடைவெளி இல்லாவிட்டால் அதைச் சேம்பரில் ஏற்றாதீர்கள். பவுடர் அளவு, அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் கிளம்ப வேண்டும். போல்ட் (சேம்பரை மூடும் தாழ்) தூக்கக் கனத்தாலோ பிரைமர் தட்டையாகிப் பரந்திருந்தாலோ, அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, குரூப் எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்றைக்கு அங்கேயே நிறுத்துங்கள்.

உங்கள் 8 மி.மீ. அளவை ஒதுக்கச் சொல்லவில்லை. அதையும் 11, 12 வந்த இரண்டையும் சேர்த்து மூன்றாக எடுத்து இந்த முறையில் சுடுங்கள். மூன்றும் சமமாக வந்தால் ஏமாற வேண்டாம். பவுடர் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் உங்கள் ரைஃபிள் பொறுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். நடு அளவை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகலாம்.