புது வீட்டில் கணப்பு வைக்க என்ன செலவாகும்?

குளிர்காயச் சுவரோடு சேர்த்துக் கட்டும் தீ அடுப்புதான் கணப்பு. அதைப் பற்றி நீலகிரியில் வீடு கட்டுகிறவர்கள் கேட்டவை இவை. கணப்பு கட்டிப் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: குன்னூரில் வீடு கட்டப்போகிறோம், இன்னும் அஸ்திவாரம் போடவில்லை. விறகுக் கணப்புக்கு மேஸ்திரி மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். நியாயமா?

மொத்தத் தொகைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள் சார், பிரித்துக் கேளுங்கள். கணப்பின் வாய் 30 அங்குல அகலம், 27 அங்குல உயரம் என்று வையுங்கள், நடுத்தர ஹாலுக்கு அது போதும். வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு புகைக்கூண்டின் உள்துளைக்கு வேண்டும், அதாவது 9-க்கு 9 அங்குலம். உள்ளே குழாய் இறக்காமல் கட்டினால் சுற்றுச்சுவர் 9 அங்குலம் இருக்கட்டும். வரிக்கு 16 கல், அடிக்கு 4 வரி, 15 அடி உயரத்துக்கு 960 செங்கல் ஆகிறது. தீ எரியும் அறையின் உட்புறத்துக்கு ஏறக்குறைய 80 தீக்கல், அதாவது கடும் சூடு தாங்கும் செங்கல். அது சாதாரணச் செங்கல்லைவிடப் பல மடங்கு விலைதான், ஆனாலும் அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், சாதாரணக் கல் சூட்டில் வெடித்து உதிரும். கல் எண்ணிக்கையை உங்கள் ஊர் விலையால் பெருக்கி, மலை ஏற்றும் லாரி வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் பணம் கரைவது கூலியிலும் முகப்புக் கிரானைட்டிலும்தான், முகப்பை அடுத்த வருஷம்கூடச் செய்துகொள்ளலாம்.

கேள்வி: வீடு முடிந்துவிட்டது. இப்போது வைக்க முடியுமா?

முடியும், செலவுதான் ஏறும். மேலே சொன்ன புகைக்கூண்டு கலவையோடு சேர்ந்து 3 டன்னுக்கு மேல் கனக்கும், தளத்தின் மேல் நிறுத்தவே கூடாது, தனி அஸ்திவாரம் வேண்டும், கான்கிரீட் கூரையை வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் மழை ஒழுகாமல் அடைக்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது கதவு வைத்த இரும்பு அடுப்பும் இரட்டைச்சுவர் எஃகுக் குழாயும். திறந்த கணப்பில் பெரும்பகுதிச் சூடு புகையோடு மேலே போய்விடுகிறது, மூடிய அடுப்பில் அதே விறகுக்கு அறை நன்றாகச் சூடாகும்.

கேள்வி: புதிதாகக் கட்டிய கணப்பு, ஹால் முழுக்கப் புகை. இடித்துக் கட்டணுமா அண்ணா?

அவசரப்படாதே தம்பி. புகைக்கூண்டு கூரையிலிருந்து 3 அடியாவது மேலே நிற்கிறதா, 10 அடிக்குள் இருக்கிற எதைக் காட்டிலும் 2 அடி உயரமா என்று முதலில் பார். அது சரி என்றால் பெரும்பாலும் உள்ளே தொண்டை, அதாவது தீ அறையிலிருந்து புகைக்கூண்டுக்குப் புகை ஏறும் வழி, அகலமாக இருக்கும். 1790-களில் ரம்ஃபோர்டு பிரபு லண்டன் வீடுகளில் தொண்டையைக் குறுக்கி, பக்கச் சுவர்களைச் சாய்த்து, ஆழத்தைக் குறைத்துத்தான் இதே தொல்லையைத் தீர்த்தார். கொஞ்சம் கல்லும் கலவையும் போதும்.

கேள்வி: விறகுக்கு எங்கள் தோட்டத்து மரத்தையே வெட்டலாமா?

சொந்த நிலமானாலும் அரசு அனுமதி கேட்காமல் வெட்டாதீர்கள் அம்மா. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வாங்கும் விறகையும் பிளந்து கூரைக்கடியில் ஆறு மாதமாவது காயப்போடுங்கள். ஈர விறகு புகைக்கூண்டில் தார் போலப் படியும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஆள்வைத்துச் சுரண்டும் கூலியையும் கணக்கில் எழுதுங்கள்.

கேள்வி: மின்சாரக் கணப்பு மலிவா?

வைப்பது மலிவு. ஆனால் 2,000 வாட் என்றால் மணிக்கு 2 யூனிட், தினம் 4 மணி நேரம் ஓடினால் மாதம் 240 யூனிட்.

கேள்வி: இதெல்லாம் எதற்கு, இரும்புச் சட்டியில் கரி போட்டு அறையில் வைத்தால் செலவே இல்லையே?

தயவுசெய்து வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையே வராது, தூங்கினவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். குளிர் தாங்கவில்லை என்றால் இன்னொரு கம்பளி வாங்குங்கள். அந்தச் சட்டி மட்டும் வீட்டுக்குள் வரவே கூடாது.