காயிலோவர் மாட்டிய பிறகு கார் ஏன் குதிக்கிறது?

கேள்வி: 2013 டொயோட்டா 86 வைத்திருக்கிறேன். உயரம், டேம்பர் (ஷாக் அப்சார்பர்) இறுக்கம் இரண்டையும் மாற்றக்கூடிய காயிலோவர் செட் (டேம்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாக வருவது) மாட்டியிருக்கிறேன். நாலு பக்கமும் 6 கிலோ ஸ்பிரிங். காரை 40 மி.மீ. இறக்கி, டேம்பரை முழு இறுக்கத்தில் வைத்தேன். சாலையில் குதிக்கிறது, முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம், பின் டயர் உள்விளிம்பு சீக்கிரம் தேய்கிறது. செப்பாங் பந்தயத் தடத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஓட்டுவேன். மட்டமான செட் வாங்கி ஏமாந்துவிட்டேனா?

பதில்: இப்போதே செட்டைக் குறை சொல்ல வேண்டாம். இந்த மூன்று கோளாறையும் வரவழைக்க நீங்கள் அமைத்த விதமே போதும்.

முதலில் சத்தம். காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் முன் ஸ்பிரிங்கைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் காரணம் கிடைத்துவிட்டது: உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை இறக்கியிருக்கிறீர்கள். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து, மறுபடி உட்காரும்போது தட்டுகிறது. இந்த வகை செட்டில் உயரத்தை மாற்றும் இடம் அதுவல்ல. டேம்பரின் அடியில் திருகி ஏறும் கூட்டைத்தான் மாற்ற வேண்டும். ஸ்பிரிங் வளையத்தைக் கையாட்டம் நிற்கும்வரை ஏற்றி, அதற்கு மேல் 2-3 மி.மீ. இறுக்கி, பூட்டு வளையத்தைப் போட்டுவிடுங்கள். ஸ்பிரிங் ஆடவில்லை என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் (சாய்வைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) நட்டையும், டேம்பரின் தலையைக் காரோடு பிணைக்கும் மேல்மவுண்டையும் பாருங்கள்.

வளையத்தை இன்னும் ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பல பட்டறைகளில் சொல்வார்கள். ஆகாது. 6 கிலோ ஸ்பிரிங் என்றால் ஒவ்வொரு மி.மீ. அமுங்கவும் 6 கிலோ கேட்கும், எங்கே வைத்தாலும் அதே கணக்குதான். வளையத்தை ஏற்றினால் கார் உயரும், சக்கரம் கீழே தொங்க இருக்கும் இடம் குறையும். அவ்வளவே.

அடுத்து குதிப்பு. இதில் எண்களைப் பாருங்கள். இந்தக் காரின் எடை சுமார் 1,240 கிலோ, அதில் 53 சதவீதம் முன்னால். சக்கரம், பிரேக் எடையைக் கழித்தால் முன் ஸ்பிரிங் ஒன்றுக்குச் சுமார் 290 கிலோ. 6 கிலோ ஸ்பிரிங்கில் கார் தரையில் நிற்கும்போதே 48 மி.மீ. அமுங்கியிருக்கும். பள்ளத்தில் சக்கரம் கீழே போக உள்ள இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். பின்பக்கக் கதை வேறு. அங்கே ஸ்பிரிங், சக்கரத்தைக் காரோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கையின் நடுப்பகுதியில் உட்காருகிறது. சக்கரம் 1 மி.மீ. நகர்ந்தால் ஸ்பிரிங் முக்கால் மி.மீ.தான் நகரும். நகர்வும் முக்கால், சக்கரத்துக்கு வந்து சேரும் விசையும் முக்கால் என்று இருமுறை குறைவதால் அதே 6 கிலோ, சக்கரத்தில் 3.4 கிலோவாகத்தான் தெரியும். பெட்டியில் முன்னும் பின்னும் ஒரே எண் எழுதியிருந்தாலும் முன்பக்கம் நன்றாகவே கடினம்.

இதன் மேல் டேம்பரை முழுதாக இறுக்கியதுதான் பெரிய தவறு. இறுக்கத்தை மாற்ற ஒரே திருகு குமிழ் உள்ள டேம்பர்களில் பெரும்பாலானவை, ஸ்பிரிங் விரியும் வேகத்தைத்தான் அதிகம் கட்டுப்படுத்தும். முதல் மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து முடிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். நாலைந்து மேட்டுக்குள் கார் தானே கீழே இறங்கி, டேம்பர் கடைசிவரை அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் உட்கார்ந்துவிடும். 'குதிக்கிறது' என்று நீங்கள் சொல்வது ரப்பர் திருப்பி உதைப்பது. குமிழை வலப்பக்கம் மெதுவாகத் திருப்பி முழு இறுக்கத்தில் நிறுத்துங்கள் (அழுத்தித் திருகினால் உள்ளே இருக்கும் ஊசி கெடும்), அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 32 க்ளிக் உள்ள டேம்பரானால் சாலைக்கு 20-லிருந்து 24 வரை, ட்ராக்குக்கு 14-லிருந்து ஆரம்பிக்கலாம். இடமும் வலமும் ஒரே எண்ணாக இருக்கட்டும்.

உயரமும் ஒரு காரணம். 40 மி.மீ. வேண்டாம், 20-25 போதும். முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (சக்கரத்தைக் கீழே ஒரு கையும் மேலே டேம்பருமே தாங்கும் அமைப்பு) என்பதால், அதிகம் இறக்கினால் கீழ்க்கை சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாயும். அப்போது கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடக்கூட வளைவில் சாய்க்கும் விசையும் கூடும். தாழ்ந்த கார் கூடுதலாகச் சாயும் விந்தை இதுதான். டேம்பர் தண்டு வெளியே தெரியும் வகையானால் அதில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டி, தண்டு உள்ளே போகும் வாயிலுள்ள எண்ணெய் சீலைத் தொடும்படி தள்ளி வைத்து ஒரு சுற்று போய் வாருங்கள். தண்டு எவ்வளவு உள்ளே போனது என்று அது காட்டிவிடும். சாதாரணச் சாலையிலேயே பம்ப் ஸ்டாப்பை நசுக்கியிருந்தால் இன்னும் ஏற்றுங்கள். அந்த ரப்பரை வெட்டாதீர்கள்.

உயரத்தைச் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும்.

டயர் தேய்வதற்குக் கேம்பரைவிட (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) முக்கியக் குற்றவாளி. கார் இறங்கினால் இரண்டும் மாறும். பின்னால் டோவை அலைன்மென்டில் சரிசெய்யலாம். கேம்பருக்கு இந்தக் காரில் பின்பக்கம் திருகு கிடையாது, நீளம் மாற்றக்கூடிய கீழ்க்கை தனியாக வாங்கினால்தான் உண்டு. உயரத்தை 25 மி.மீ.க்குள் வைத்தால் அந்தச் செலவு பெரும்பாலும் தேவைப்படாது. உங்கள் உபயோகத்துக்கு முன் கேம்பர் மைனஸ் 2 டிகிரி, முன் டோ பூஜ்யம், பின் டோ இரண்டு சக்கரமும் சேர்த்து 0.2 டிகிரி உள்பக்கம்.

அலைன்மென்டுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது, பட்டறைகள் அடிக்கடி விட்டுவிடுவது. சஸ்பென்ஷன் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் உள்ள நடுக்குழாய் போல்ட்டோடு சேர்ந்து இறுகிவிடும். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முடுக்கியிருந்தால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். உயரத்தையும் தள்ளும், சில மாதத்தில் கிழியும். ஆகவே போல்ட்டுகளைத் தளர்த்தி, ஹப்புக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மையத்திலிருந்து ஃபெண்டர்வரை சாலை அளவு வரும்வரை தூக்கி, அங்கே முடுக்குங்கள். டேம்பரின் மேல்நட்டில் மட்டும் இம்பாக்ட் கன் வைக்க வேண்டாம், தண்டு சுழன்று சீல் போகும். சக்கர நட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர்.

200-300 கி.மீ. ஓடியதும் உயரத்தை மறுபடி அளந்து, பூட்டு வளையங்களைப் பார்த்து, அலைன்மென்டை இன்னொரு முறை சரிபாருங்கள். இத்தனைக்குப் பிறகும் குதித்தால் டேம்பர் தண்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் ஈரம் திரும்பத் திரும்ப வந்தால் சீல் போயிருக்கிறது. விற்றவரிடம் போக வேண்டியது அப்போதுதான்.