மோட்டார் சைக்கிள் கரண்ட் கோளாறு: கேள்வி-பதில்

ஐப்பசி மழை தொடங்கினால் கடிதங்களும் தொடங்கிவிடும். முக்கால்வாசி ஒரே சங்கதி: சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை.

கேள்வி (சாவகச்சேரி): 100 சிசி பைக். இருபது நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது. சிடிஐ (பொறியைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாற்றியும் சரிவரவில்லை.

பதில்: மாற்றுவதற்கு முன் எழுதியிருக்கலாம். நின்ற உடனே, ஆறவிடாமல், பிளக்கைக் கழற்றி எஞ்சினில் தொடவைத்துக் கிக் அடியுங்கள். நல்ல பொறி வந்தால் அது கரண்ட் கோளாறாக இராது. பிளக்கைப் பூட்டிவிட்டுப் பெற்றோல் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் பெற்றோல் இறங்காமல் இதே கூத்துத்தான். பொறி இல்லையென்றால் முதல் சந்தேகம் பொறி வரவேண்டிய நேரத்தைச் சொல்லும் பிக்கப் கொயில், அடுத்தது பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் இக்னிஷன் கொயில். சூட்டில் உள்ளே கம்பி விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அதனால் சூட்டோடு அளக்கவேண்டும்.

கேள்வி (பெயரும் இல்லை, ஊரும் இல்லை): என் பைக் கரண்ட் வெட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: என்ன பைக், எப்போது வெட்டுகிறது, மழையிலா, குழியில் விழும்போதா? மறுபடி எழுதுங்கள்.

கேள்வி (வேலணை): தினமும் பண்ணைப் பாலத்தால் வேலைக்குப் போகிறேன். சில நாள் காலையில் செல்ப் (பட்டன் ஸ்டார்ட்) அடித்தால் 'டக்' என்ற சத்தம் மட்டும். பற்றரி புதிது.

பதில்: கடல்காற்றில் எர்த் (பற்றரி நெகட்டிவில் இருந்து பைக்கின் இரும்புக்குப் போகும் வயர்) பூட்டிய இடம் துருப்பிடித்திருக்கும். மல்ரிமீற்றரை வோல்ட்டில் வைத்து ஒரு முனை பற்றரி நெகட்டிவில், மற்றது எஞ்சினில். செல்ப்பை அழுத்தும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றி, பூட்டும் இடத்தைச் சுரண்டி, இறுக்கிவிட்டு மேலே வாசலின் பூசுங்கள். காட்டாவிட்டால் ஸ்டார்ட்டர் ரிலேயின் (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இரண்டு தடித்த போல்ட்டுக்கும் இடையில் அதேபோல அளவுங்கள், அங்கே காட்டினால் கோளாறு ரிலேயில். வயர் அறுந்ததா என்று பார்க்க மீற்றரின் பீப் சத்தத்தை நம்பாதீர்கள். ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும். ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்டை அது தாங்காது.

கேள்வி (மானிப்பாய்): இரண்டு எல்ஈடி போகஸ் லைட்டும் பெரிய ஹோர்னும் பூட்டினேன். அதன் பிறகு மழை பெய்தால் சிக்னல் வேலை செய்யாது, சில நேரம் 10 அம்பியர் பியூஸ் எரிகிறது. கடையில் 20 போடச் சொல்கிறார்கள்.

பதில்: இருபது போடச் சொன்னவர் எரியப்போகும் வயருக்குக் காசு தரமாட்டார். பியூஸ் இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். 10 என்று இருந்தால் 10. எரிந்த பியூஸில் சிகரெட் ஈயத்தாள் சுற்றுகிறவர்களுக்கும் இதே பதில்.

பூட்டியவர் செய்த வேலையைப் பார்க்காமலே சொல்கிறேன், தம்பி. ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஓடும் வயரை பிளேட்டால் சுரண்டி, புது வயரை அதில் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருப்பார். வெயிலில் பசை உருகி டேப் அவிழும். மழைத்தண்ணீர் போய்ச் செம்பு பச்சை பிடிக்கும். பிறகு 'வயரிங் முழுக்க மாற்றவேணும்' என்று ஒரு பெரிய பில். யுத்தம் நடந்த 90களில் யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை மிதித்து டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட ஊர் இது. அன்றைக்கு வயர் பொருத்தியவர்களின் பொறுமையில் கால்வாசி இன்றைக்கு ஹோர்ன் பூட்டுகிறவர்களிடம் இல்லை.

அந்த ஒட்டுகளை எல்லாம் அவிழுங்கள். லைட்டுக்கு ஒரு ரிலே, ஹோர்னுக்கு ஒரு ரிலே. பற்றரியில் இருந்து தனி வயர், அதில் பற்றரிக்குக் கிட்டவே தனி பியூஸ். பைக்கின் பழைய வயர் ரிலேயை இயக்க மட்டும். அவிழ்த்த இடங்களைச் சோல்டர் பிடித்து ஹீட் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள். அப்படியும் கணக்கு ஒன்று இருக்கிறது. சின்ன பைக் தருவதே 100 வாட் அளவுதான், அதில் ஹெட்லைட் 35 குடிக்கும். போகஸ் லைட் ஒவ்வொன்றும் 40 என்றால் திருவிழாச் சப்பறம் போல வெளிச்சம் வரும், விடியப் பற்றரி இராது.

கேள்வி (கோப்பாய்): ஹாண்டிலை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினால் எஞ்சின் நிற்கிறது.

பதில்: ஹாண்டில் கழுத்தில் மடிகிற இடத்தில் வயர் உறைக்குள் அறுந்திருக்கும். எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு வயராக மெல்ல இழுத்துப் பாருங்கள். சாவி சுவிட்ச் வயரில் தொடங்குங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): பின் பிரேக் மிதித்தால் சில நேரம் பியூஸ் போகிறது.

பதில்: சீற்றைக் கழற்றுங்கள். டெயில் லைட்டுக்குப் போகும் பிரேக் லைட் வயர் மட்கார்டில் உரசித் தோல் போயிருக்கும்.

கேள்வி (சுன்னாகம்): பற்றரி அடிக்கடி இறங்குகிறது. ரெகுலேற்றர் (பற்றரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: அளந்தாரா? சாமான் வாங்குவதற்கு முன் அளவுங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது! எஞ்சினை 4000 ஆர்பிஎம் அளவில் வைத்துப் பற்றரியில் பாருங்கள். 14 வோல்ட் அளவில் நின்றால் ரெகுலேற்றரைத் தொடவேண்டாம், பற்றரியைச் சோதியுங்கள். 15ஐத் தாண்டினால் மாற்றுங்கள். 13ஐயே எட்டாவிட்டால் முதலில் ஸ்டேற்றர் (எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் கொயில்) கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். அநேகமாக ஒரு பின் கருகியிருக்கும்.