ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வருவார்கள்? – முதியோர் குடியிருப்பு பற்றிய கேள்வி பதில்

அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் நர்ஸ் வேலை. ஓய்வு பெற்ற பிறகு கடலூர்ப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் ஏழு வருடம் பராமரிப்புப் பொறுப்பு. அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

சரவணன், மஞ்சக்குப்பம்: சிஸ்டர், முதியோர் இல்லம், ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டி, அசிஸ்டட் லிவிங் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டி என்பது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கு. வீட்டை வாங்குவார்கள் அல்லது வாடகைக்கு எடுப்பார்கள். சாப்பாடு, காவல், ஆம்புலன்ஸ் இருக்கும். குளிக்க, உடுத்த, நேரத்துக்கு மாத்திரை போட ஆள் துணை வேண்டும் என்றால் அது அசிஸ்டட் லிவிங். படுத்த படுக்கை, மூக்கில் குழாய் என்றால் நர்சிங் பராமரிப்பு, அது வேறு. ஓய்வுக்கால வீடுகளுக்கு மத்திய அரசு 2019-ல் மாதிரி விதிமுறைகள் வெளியிட்டது. மாதிரிதான், சட்டம் அல்ல. போர்டில் எந்தப் பெயரும் எழுதலாம். அதனால் ஒரே கேள்வி கேளுங்கள்: "அம்மா எழுந்து நடக்க முடியாமல் போனால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

லட்சுமி, லாஸ்பேட்டை: இன்னும் பத்து வருடத்தில் சென்சாரும் ரோபோவும் பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கீழே விழுந்தால் தகவல் அனுப்பும் கைக்கடிகாரம் இப்போதே இருக்கிறது. ஆனால் பெரியவர்கள் குளிக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். குளியலறையில் விழுவதும் அதிகம். சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்தால் கடிகாரத்துக்குத் தெரியாமலும் போகலாம். சுவரில் மாட்டும் ரேடார் சென்சார் படம் எடுக்காமலே அசைவைக் கண்டுபிடிக்கும். குளியலறைக்கு அது நல்லது.

சரி, மணி அடித்துவிட்டது. யார் வருவது? நான் இருந்த இடத்தில் ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மணி அடித்தது. இரண்டு மாடி, இருபத்திரண்டு பேர், இரவுக்கு இரண்டே கேர்டேக்கர். ஒருத்தி வேறொரு அம்மாவுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி மேல்மாடியில். போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. கீழே விழுந்த ஐயாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் மூன்றாவது ஆளைப் போடச் சம்மதித்தார்கள்.

ஜப்பானில் 2000-ஆம் ஆண்டிலிருந்து நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லோரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். ரோபோக்களும் இருக்கின்றன. அப்படியும் அங்கே பராமரிக்க ஆள் போதவில்லை. நாம் செலவழிக்க வேண்டியது கேர்டேக்கரின் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும்தான்.

அப்புறம் நம் ஊருக்குப் புயல் இருக்கிறது. 2011 டிசம்பரில் 'தானே' புயல் வந்தபோது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024-ல் ஃபெஞ்சல், உடனே தென்பெண்ணை வெள்ளம். லிஃப்ட், ஆக்ஸிஜன் மெஷின், சென்சார் எல்லாம் கரண்ட்டை நம்பியவை. ஜெனரேட்டருக்கு எத்தனை நாள் டீசல் இருக்கும், தரைத்தளத்தில் தண்ணீர் ஏறுமா என்று கேளுங்கள். இடத்தைப் பார்க்கப் பகலில் போகாதீர்கள். இரவில் எத்தனை ஆள் இருக்கிறார்கள் என்று தெரிய, இரவு எட்டு மணிக்கு மேல் போங்கள்.

முருகன், பண்ருட்டி: மாதம் எவ்வளவு ஆகும்?

இடத்துக்கு இடம் மாறும். டயப்பர், பிசியோதெரபி, தனி ஆள் எல்லாம் கட்டணத்தில் சேர்த்தியா என்று கேளுங்கள்.

கார்த்திக், துபாய்: அம்மா நெல்லிக்குப்பத்தில் தனியாக இருக்கிறார். குடியிருப்பில் சேர்த்தால் அறையில் கேமரா வைக்க விடுவார்களா?

அம்மாவிடம் கேட்டீர்களா?

விஜயா, வில்லியனூர்: நான் கேர்டேக்கர் வேலை செய்கிறேன். கேமரா இருக்கும் அறையில் அந்த அம்மா புடவை மாற்றவே கூசுகிறார்கள். வீட்டார் எங்களையும் திருடி மாதிரி பார்க்கிறார்கள்.

கார்த்திக்: அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்று செய்தி வருகிறதே. தூரத்தில் இருக்கும் நான் வேறு என்ன செய்வது, அக்கா?

விஜயா: தினமும் போன் பண்ணுங்க தம்பி. எங்களிடமும் பேசுங்க.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கார்த்திக், உங்கள் பயம் வீண் பயம் இல்லை. கொடுமை நடக்கும் இடங்கள் உண்டு. வராந்தா, சாப்பாட்டு அறை, வாசல் இங்கெல்லாம் கேமரா கட்டாயம் இருக்க வேண்டும். படுக்கையறையில் அம்மா சம்மதித்தால் மட்டும். உடை மாற்றும்போது மூட ஒரு மூடியோடு. குளியலறையில் கூடவே கூடாது. கேமரா அடிப்பதைக் காட்டும். முதுகில் வரும் படுக்கைப்புண்ணைக் காட்டாது. அதற்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். உள்ளூரில் சித்தியோ பழைய பக்கத்து வீட்டுக்காரரோ வாரம் ஒருமுறை போகட்டும். இரவு எட்டு மணிக்கு மேல் போனால் இன்னும் நல்லது.

செல்வி, முதலியார்பேட்டை: எழுபது வயதுக்கான ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் இந்தக் கட்டணம் வருமா?

வராது. மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரைதான்.

தேவராஜ், திருப்பாதிரிப்புலியூர்: வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டு அந்த நிம்மதியில் சேரலாமா?

அவசரப்படாதீர்கள். "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, நிபந்தனையோடு கொடுத்து, பராமரிக்காவிட்டால் எழுதியதை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இல்லாமல் எழுதியவர்கள் வழக்கில் தோற்றிருக்கிறார்கள். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். குழப்பம் இருந்தால் 14567-க்குப் போன் செய்யுங்கள், அது முதியோர் உதவி எண்.

ரவி, அரியாங்குப்பம்: அப்பா வீட்டை எழுதித் தரச் சொல்கிறேன், சரியா?

தேவராஜ் ஐயாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குமார், வடலூர்: மாதச் செலவு தோராயமாக?

முருகனுக்குச் சொன்னதுதான். தொகையைக் கேட்பதற்கு முன் இரவில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று கேளுங்கள்.

அனிதா, காலாப்பட்டு: மாமனாருக்கு மறதி. தூக்க மாத்திரையைக் கூட்டலாமா?

கூடாது. டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கக் கலக்கத்தில் எழுந்தால் விழுவார்.

சரஸ்வதி, முத்தியால்பேட்டை: வயது எழுபத்து நாலு. பிள்ளைகள் இடம் பார்க்கிறார்கள். என் காமாட்சி விளக்கைக் கொண்டுபோகலாமா?

இதுவரை கேட்டவர்களில் அங்கே குடியிருக்கப் போகிறவர்கள் தேவராஜ் ஐயாவும் நீங்களும்தான், அம்மா. விளக்கைக் கொண்டுபோங்கள். அறைக்குள் எண்ணெய் விளக்கு ஏற்றத் தீ பயத்தால் பல இடங்களில் விடமாட்டார்கள்; பூஜை அறையில் ஏற்ற முடியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். உங்கள் தலையணை, உங்கள் டம்ளர், ஜன்னல் பக்கக் கட்டில், காலை காபி எத்தனை மணிக்கு, எல்லாவற்றையும் கேளுங்கள். முதலில் ஒரு மாதம் தங்கிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். அதுவரை வீட்டைக் காலி செய்ய விடாதீர்கள். இடம் பார்க்கப் போகும்போது பிள்ளைகள் கூட வரட்டும். கேள்வியை நீங்களே கேளுங்கள்.